சிம்பொனி இசைக்குழுவுக்கு ஐந்தாண்டுத் திட்டம் போடுவது எப்படி: தேதியில் தொடங்கி மேடை வரை

திட்டக் குழு கூடிய முதல் நாளே "நம் நோக்கம் என்ன?" என்று பலகையில் எழுதிவிட்டு, ஒரு வாக்கியத்துக்காக மூன்று மாதம் மல்லுக்கட்டும் இசைக்குழுக்கள் நிறைய உண்டு. வாக்கியம் அழகாகவே வரும். அதற்குள் பட்ஜெட் காலம் வந்து நிற்கும்; கணக்கைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. இங்கே வரிசை தலைகீழ். முதலில் தேதி, அடுத்து ஆட்கள், பணம், வாசிக்கும் நேரம், ரசிகர்கள். கலைத் திசை ஆறாவது படியில்தான் வருகிறது.

இந்த வழிகாட்டி அமெரிக்க நகரம் ஒன்றின் நடுத்தரத் தொழில்முறைக் குழுவுக்கானது. அங்கே வாத்தியம் வாசிப்பவர்கள் வாரச் சம்பளக்காரர்கள், யூனியன் ஒப்பந்தம் உண்டு, நிறுவனம் லாப நோக்கமற்றது, அரசுப் பணம் சொற்பம். ஜெர்மனி போல, அரசும் நகராட்சியும் செலவில் பெரும்பங்கை ஏற்கும் நாடுகளில் பணம் தொடர்பான படிகள் மாறும்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். இசை இயக்குநர் என்றால் நம் சினிமா வழக்கில் பாட்டுக்கு மெட்டுப் போடுபவர். இங்கே அவர் தலைமை கண்டக்டர், அதாவது மேடையில் முன்னால் நின்று கையசைவால் குழுவை நடத்துபவர். எதை வாசிப்பது, யாரை விருந்தினராக அழைப்பது, காலி இடத்துக்கு யாரை எடுப்பது என்பதில் முக்கியக் குரல் அவருடையது.

கணக்குகளுக்கு ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம்: 72 வாசிப்பவர்கள், ஆண்டுக்கு 38 சம்பள வாரங்கள், வாடகைக்கு எடுத்த 2,000 இருக்கை அரங்கம், ஆண்டுச் செலவு 1 கோடி டாலர்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள். நடப்பு யூனியன் ஒப்பந்தமும், அதன்பின் போட்ட துணைக் கடிதங்கள் அத்தனையும். நிலைநிதிக்கு (அசலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிட ஒதுக்கிய நிதிக்கு) பணம் தந்தவர்கள் எழுதிய நிபந்தனைப் பத்திரங்கள். ஐந்து சீசனுக்குக் கச்சேரிவாரியான டிக்கெட் பதிவு. அரங்க வாடகை ஒப்பந்தம். இசை இயக்குநர், நிர்வாக இயக்குநர் இருவரின் பணி ஒப்பந்தங்களும் முடியும் தேதிகள்.

இதில் துணைக் கடிதங்களைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். "பள்ளிக் கச்சேரிகள் ஒரே நாளில் இரண்டு வைக்கலாம், ஆனால் இடையே இத்தனை நிமிடம் ஓய்வு" என்பது போன்ற விஷயங்கள் மூல ஒப்பந்தத்தில் இருக்காது. எப்போதோ கையெழுத்தான ஒரு பக்கத் தாளில் இருக்கும். அது தெரியாமல் போட்ட அட்டவணை, வாசிப்பவர்கள் முன்னால் வைத்த அடுத்த நிமிடமே விழும்.

இவற்றைத் திரட்டவும் கூட்டங்களை நடத்தவும் அலுவலகத்தில் ஒருவரின் பாதி வேலை நேரத்தைப் பத்து மாதத்துக்கு ஒதுக்குங்கள். நிர்வாக இயக்குநரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், சீசன் தொடங்கியதும் திட்டம் மேசையடியில் போய்விடும்.

1. ஒப்பந்தம் முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

யூனியன் ஒப்பந்தம் ஆகஸ்ட் 31இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சுவார்த்தையை ஜனவரியில் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய டிசம்பருக்குள் போர்டு (நிறுவனத்தின் ஆட்சிக் குழு) திட்டத்தை ஏற்றிருக்க வேண்டும். திட்ட வேலைக்குப் பத்து மாதம் பிடிக்கும். ஆக, ஒப்பந்தம் முடிய 18 மாதம் இருக்கும்போதே, அதாவது முந்தைய ஆண்டு பிப்ரவரியில் முதல் கூட்டம்.

பேச்சுவார்த்தை நடக்கும் நேரத்தில் திட்டத்தை வெளியிட்டால், அதில் என்ன எழுதியிருந்தாலும் சம்பள வெட்டுக்கு முன்னுரையாகவே வாசிப்பவர்கள் படிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பல இடங்களில் அதற்காகவே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த தேதி, விருந்தினர் முன்பதிவு. பேர் பெற்ற தனி வாசிப்பாளர்களையும் கண்டக்டர்களையும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு முன்பே பேசி முடிக்க வேண்டும். திட்டத்தின் முதல் ஆண்டு ஏற்கெனவே முன்பதிவாகி முடிந்த ஆண்டு என்று பொருள். திட்டம் போடுவதற்குப் புதியவர்கள், புதுக் கச்சேரித் தொடர்கள் எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே போட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டில் மாற்ற முடிந்தவை விலை, விளம்பரம், பள்ளிக் கச்சேரி, நன்கொடை வேலை இவ்வளவுதான். மேடையில் மாற்றம் மூன்றாம் ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, இசை இயக்குநரின் ஒப்பந்தம். அது இந்த ஐந்தாண்டுக்குள் முடிகிறதென்றால், அடுத்தவரைத் தேடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். தகுதியானவர்களை ஒவ்வொருவராக விருந்தினராக அழைத்து, ஒரு வாரம் குழுவோடு வேலை செய்யவிட்டுத்தான் தேர்வு நடக்கும்; அவர்கள் நாட்காட்டியோ ஏற்கெனவே நிரம்பியிருக்கும். தேடல் செலவையும் தலைமை இல்லாத இடைப்பட்ட சீசனையும் திட்டத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

2. மேசையைச் சுற்றி யார் என்று முடிவு செய்யுங்கள்

பதின்மூன்று பேர் போதும். போர்டிலிருந்து 5, வாசிப்பவர்கள் 3, நிர்வாக இயக்குநர், இசை இயக்குநர் அல்லது அவர் சார்பில் கலைத் திட்டப் பொறுப்பாளர், நிதி, விற்பனை, நன்கொடைப் பிரிவுத் தலைவர்கள். இருபதைத் தாண்டினால் அது பொதுக்கூட்டம்.

வாசிப்பவர்களின் மூவரை வாசிப்பவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நிர்வாகத்துக்குப் பிடித்த மூவரை அழைத்து உட்காரவைத்தால், அவர்கள் ஒப்புக்கொண்ட எதற்கும் மீதி 69 பேரிடம் மதிப்பிருக்காது. மூவரில் ஒருவராவது ஒப்பந்தப் பேச்சுக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது, கணக்கை இங்கே பார்த்தவர் அங்கே போய் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கமாட்டார்.

அதேசமயம் சம்பளம், வாரங்கள், மருத்துவக் காப்பீடு பற்றிய பேரம் இந்த மேசையில் நடக்காது என்று முதல் நாளே எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பேரம் பேசும் உரிமை யூனியனுக்கு. அதைச் சுற்றிக்கொண்டு போவதாகத் தோன்றினாலே சட்டச் சிக்கல்.

இரண்டு சின்ன விஷயம். காலையில் ஒத்திகை, இரவில் கச்சேரி இருக்கும் நாளில் கூட்டம் வைக்காதீர்கள். வாசிப்பவர்கள் வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சர்வீஸுக்கான, அதாவது ஒரு ஒத்திகைக்கோ கச்சேரிக்கோ உரிய, கட்டணம் கொடுங்கள். மற்றவர்கள் சம்பள நேரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து ஒருவரை நடுநிலையாளராக வைத்தால், பிறகு நிதி திரட்டும் வேலையை அவருக்கே தரமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பிரச்சினைக்கும் தீர்வு ஒரு பெரிய நிதி திரட்டல் என்றுதான் அறிக்கை முடியும்.

3. கணக்கை ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள்

நிஜத்தில் ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறது என்ற ஒரே எண்ணை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மாதிரிக் குழுவின் வரவு இப்படி: டிக்கெட் 32 லட்சம், பள்ளிக் கச்சேரி மற்றும் பாலே கட்டணம் 6 லட்சம், ஆண்டு நன்கொடை 35 லட்சம், நிலைநிதியிலிருந்து 15 லட்சம், அரசு மானியம் 2 லட்சம். மொத்தம் 90 லட்சம் டாலர். செலவு 1 கோடி. ஆனால் தணிக்கை அறிக்கையின் கடைசி வரியில் பற்றாக்குறை பூஜ்யம்.

அந்த 10 லட்சம் எங்கிருந்து வந்தது? காலமான ஒரு ரசிகர் உயிலில் எழுதிவைத்த 6 லட்சம். நிலைநிதியிலிருந்து வழக்கத்துக்கு மேல் எடுத்த 4 லட்சம். இரண்டும் அடுத்த ஆண்டு வராது. செலவோ வரும். இந்தக் குழு சமநிலையில் இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் குறைவில் ஓடுகிறது.

ஐந்து ஆண்டுக்கும் இதே போல அடித்துத் திருத்துங்கள். உயில்வழி வந்த பெருந்தொகைகளை எடுத்துவிடுங்கள். 2020, 2021இல் கோவிட் உதவியாக வந்த மத்திய அரசுப் பணம் உங்கள் ஐந்தாண்டுக்குள் விழுந்தால் அதையும் எடுங்கள். பல ஆண்டு வாக்குறுதித் தொகைகளைப் பிரித்துப் போடுங்கள்: ஒருவர் மூன்றாண்டுக்கு 9 லட்சம் தருவதாக நிபந்தனையின்றி எழுதிக்கொடுத்தால், அமெரிக்கக் கணக்கு முறைப்படி அது முதல் ஆண்டிலேயே வரவாகும். முதல் ஆண்டு உபரி போலத் தெரிந்து, அடுத்த இரண்டும் நஷ்டம் போலத் தெரிவது இதனால்தான்.

நிலைநிதி என்பது கோயில் கட்டளைக்குப் போட்டுவைத்த வைப்புத்தொகை மாதிரி. அசல் அப்படியே இருக்க, வருமானத்தில்தான் பூஜை நடக்க வேண்டும். மாதிரிக் குழுவிடம் 3 கோடி டாலர் இருக்கிறது. 5% எடுத்தால் 15 லட்சம். கூடுதல் 4 லட்சத்தையும் சேர்த்தால் 6.3%. கேட்க ஒரு சதவீத வித்தியாசம்தான். பணவீக்கத்தைக் கழித்தபின் முதலீடு அவ்வளவு சம்பாதிக்காத ஆண்டுகளில் அசல் கரைகிறது, கரைந்த அசலில் அடுத்த ஆண்டுச் சதவீதம் இன்னும் குறைந்த தொகை தருகிறது, அதனால் இன்னும் கூடுதலாக எடுக்க வேண்டிவருகிறது.

சதவீதத்தை இன்றைய மதிப்பில் போடாமல், கடந்த 12 காலாண்டுகளின் சராசரியில் போடுங்கள். சந்தை ஏறிய ஆண்டில் செலவு துள்ளாது. விழுந்த ஆண்டில் ஒரேயடியாகக் குறையாது. நிபந்தனைப் பத்திரங்களையும் இங்கேதான் படிக்க வேண்டும். முதல் செல்லோ நாற்காலிக்கென்று (அந்தப் பதவியின் சம்பளத்துக்கென்று) தந்த பணத்தை விளம்பரத்துக்கு எடுக்க முடியாது. மொத்த நிதியைக் காட்டி "இவ்வளவு பணம் இருக்கிறதே" என்று வாசிப்பவர்கள் கேட்பதும், "எதையும் தொட முடியாது" என்று நிர்வாகம் மறுப்பதும் பாதி வேளைகளில் இந்தப் பிரிவினையை யாரும் தாளில் போடாததால் வரும் சண்டை.

இனி ரொக்கம். அடுத்த சீசனின் சந்தாப் பணம் வசந்த காலத்திலேயே வந்துவிடும். செப்டம்பரில் நடக்கப்போகும் கச்சேரிக்கு ஏப்ரலில் வந்த பணம் அது. மே மாதச் சம்பளத்துக்கு அதை எடுப்பது, விதைநெல்லை உலையில் போடுவது. பெரும்பாலான குழுக்கள் இதைச் செய்துகொண்டே தங்களிடம் பணம் இருப்பதாக நம்புகின்றன. 18 மாதத்துக்கு மாதவாரியாக ரொக்க நிலையைப் போட்டு, சந்தாப் பணத்தைத் தனி வரியில் காட்டுங்கள். அந்த வரியை நீக்கினால் எந்த மாதம் கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, அதுதான் உங்கள் உண்மையான ஆபத்து மாதம்.

தாள் முடிந்ததும், வாசிப்பவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த கணக்காளர் ஒருவரிடம் அதைக் காட்டட்டும். கட்டணத்தை நிறுவனமே கொடுக்கட்டும். மின்னசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் 2012 அக்டோபரில் தொடங்கிய கதவடைப்பு, அதாவது நிர்வாகமே வாசிப்பவர்களுக்கு வேலையையும் சம்பளத்தையும் நிறுத்தியது, 2014 ஜனவரி முடியும்வரை நீண்டது. கணக்கை வெளியார் ஒருவர் ஆராய வேண்டும் என்ற வாசிப்பவர்களின் கோரிக்கை அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது. இடையே 2013 அக்டோபர் 1 அன்று இசை இயக்குநர் ஓஸ்மோ வான்ஸ்கா பதவி விலகினார். மறு ஆண்டுதான் திரும்பினார். ஒரு கணக்காளரின் சில வாரக் கட்டணம் இதோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

4. வாசிக்கும் நேரத்தை எண்ணுங்கள்

பணத்துக்கு அடுத்த மூலப்பொருள் சர்வீஸ். ஒரு ஒத்திகையோ ஒரு கச்சேரியோ ஒரு சர்வீஸ். பொதுவாக இரண்டரை மணி நேரம். வாரத்துக்கு 8 என்பது பரவலான உச்சவரம்பு. நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம்.

மாதிரிக் குழுவின் 38 வாரத்தில் 3 வாரம் சம்பள விடுப்பு. மீதி 35 வாரம், 280 சர்வீஸ். செலவாகும் விதம் இது:

- கிளாசிக்கல் 14 வாரம்: வாரத்துக்கு 4 ஒத்திகை, 3 கச்சேரி, 98
- பாப்ஸ் (ஜனரஞ்சக இசை) 6 வாரம்: 2 ஒத்திகை, 3 கச்சேரி, 30
- பள்ளிக் கச்சேரி 4 வாரம், வாரத்துக்கு 7, 28
- டிசம்பர் பாலே 3 வாரம், வாரத்துக்கு 8, 24
- மீதி 8 வாரத்தில் குடும்பக் கச்சேரி, திரைப்படத்தோடு நேரடி இசை, நகர்ப்புறக் கச்சேரி எல்லாம் சேர்த்து 36

மொத்தம் 216. மீதம் 64. "சம்பளம் கொடுத்தும் பயன்படுத்தாத 64 சர்வீஸ்" என்று போர்டில் யாராவது துள்ளுவார்கள். நிதானமாகப் பிரித்துக் காட்டுங்கள். கிளாசிக்கல் வாரங்களில் வாரத்துக்கு ஒன்றாக 14, பள்ளி வாரங்களில் 4. தனித்தனியாகக் கிடக்கும் இந்தப் பதினெட்டை வைத்து ஒரு நிகழ்ச்சியும் செய்ய முடியாது. பயன்படாத சர்வீஸை அடுத்த வாரத்துக்கு எடுத்துப்போகவும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் விடாது. பாப்ஸ் வாரங்களில் மும்மூன்றாக 18, கடைசி எட்டு வாரத்தில் 28. நிஜமாகவே கைக்கு வருபவை இந்த 46தான்.

திட்டத்தில் வரும் ஒவ்வொரு புது யோசனையும் இந்த 46லிருந்து கழிய வேண்டும். கழிக்க இடமில்லையென்றால் பழையதில் ஒன்று போக வேண்டும். இந்த ஒரு தாள், "இன்னும் ஒரு தொடர் தொடங்கலாமே" என்ற பேச்சைப் பாதியாகக் குறைக்கும்.

காலி நாற்காலிகளையும் இதே தாளில் எழுதுங்கள். 72ல் 6 இடம் நிரப்பாமல் கிடந்தால் சம்பளம் மிச்சம் போலத் தோன்றும். அந்த இடங்களில் வாராவாரம் மாற்று வாசிப்பவர்கள் உட்கார்கிறார்கள். அவர்கள் கட்டணம் வேறு தலைப்பில் போவதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வாத்தியப் பிரிவு நான்கு ஆண்டு புதிய முகங்களோடு வாசித்தால் ஒலியில் என்ன ஆகும் என்பது தாளில் வராத செலவு. எந்த இடத்துக்கு எந்த ஆண்டு ஆடிஷன் என்று திட்டத்திலேயே தேதி போடுங்கள்.

5. வருபவர்களைவிட, திரும்பி வராதவர்களைப் பாருங்கள்

முதலில் டிக்கெட் பதிவைச் சுத்தம் செய்ய வேண்டும். டெசிட்சுரா போன்ற மென்பொருளில் ஒரே வீட்டுக்காரர் மூன்று மின்னஞ்சலில் மூன்று பேராக இருப்பார். இலவச டிக்கெட்டில் வந்தவர்களும் எண்ணிக்கையில் கலந்திருப்பார்கள். இதைப் பிரிக்காமல் எடுத்த வருகைக் கணக்கு நம்பத்தக்கதல்ல.

பிறகு ஒரே கேள்வி: ஒரு சீசனில் முதன்முறை டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாம் முறை வாங்கினார்கள்? ஐந்து சீசனுக்கும் இதைப் போடுங்கள். பெரும்பாலான இடங்களில் எண் அதிர்ச்சியாகவே இருக்கும். புது ஆளைக் கொண்டுவரும் விளம்பரச் செலவு ஒவ்வொரு ஆண்டும் அதே ஓட்டைப் பானையில்தான் விழுகிறது.

காரணம் தேடும்போது மேடையை மட்டும் பார்க்காதீர்கள். வண்டி நிறுத்த இடம் கிடைத்ததா, இடைவேளையில் கழிவறை வரிசை எவ்வளவு, டிக்கெட் மாற்றிக்கொள்ள முடிந்ததா என்பவை திரும்பி வருவதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. எந்த சிம்பொனி என்பது அவர்களில் பலருக்கு ஞாபகம்கூட இருக்காது.

சந்தாதாரர் எண்ணிக்கையை நன்கொடைப் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். பெரிய நன்கொடையாளர்களில் பெரும்பாலோர் பல ஆண்டு சந்தா எடுத்தவர்கள். இன்று சந்தா குறைவது, சில ஆண்டு கழித்து நன்கொடைக் குறைவாகத் திரும்பி வரும்.

6. இப்போதுதான் கலைத் திசை

பணம், நேரம், ரசிகர் மூன்றும் தாளில் இருக்கின்றன. இனி மூன்று முடிவு போதும். நான்காவது வந்தால் எதையும் விட மனமில்லை என்று பொருள். ஒவ்வொன்றின் கீழும் "இதற்காக எதை நிறுத்துகிறோம்" என்ற வரி கட்டாயம். "உலகத்தரம்", "முன்னணி" போன்ற சொற்களுக்குத் தடை போடுங்கள். அவற்றை அளக்க வழியில்லை.

அளக்கக்கூடிய முடிவு இப்படி இருக்கும்: "மூன்றாம் சீசனுக்குள் மூன்று புறநகர்ப் பகுதிகளில், ஒவ்வோர் ஆண்டும் அதே அரங்குகளில், தலா இரண்டு கச்சேரி. இதற்கு 12 சர்வீஸ். மூன்று குடும்பக் கச்சேரிகள் நிறுத்தப்படும்." அதே அரங்குகளில் என்பது முக்கியம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் அங்கே ரசிகர் உருவாவதில்லை.

2010 அக்டோபரிலிருந்து 2011 ஏப்ரல்வரை நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு டெட்ராய்ட் சிம்பொனி செய்தது இதைத்தான்: புறநகர்களில் நிலையான கச்சேரித் தொடர், அரங்கிலிருந்து இலவச இணைய நேரலை. அங்கே பலித்ததற்கு ஒரு காரணம், ரசிகர்களில் பலர் நகர மையத்திலிருந்து தள்ளிக் குடியிருந்தது. உங்கள் ஊர் வரைபடத்தில் டிக்கெட் வாங்குபவர்களின் அஞ்சல் குறியீடுகளைப் போட்டுப் பார்த்தபின் நகலெடுங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் கோடைக்கால வருமானத்தைக் காட்டி "நாமும் திறந்தவெளியில் செய்யலாம்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். ஹாலிவுட் பௌலில் சுமார் 17,500 பேர் உட்காரலாம், அங்கே கோடையில் மழை அபூர்வம். மழைக்கு ஒதுங்க இடமில்லாத பூங்காவில் 3,000 மடக்கு நாற்காலி போட்டு அந்தக் கணக்கு வராது.

நோக்க வாசகம் வேண்டுமென்றால் இப்போது எழுதுங்கள். ஒரு பிற்பகல் போதும்.

7. ஒவ்வொரு முடிவையும் வாரக் கணக்காக மாற்றுங்கள்

கலைத் திசையில் "20ஆம் நூற்றாண்டின் பெரும் படைப்புகள்" என்று இருக்கிறதென்று வைத்துக்கொண்டு, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். அதற்கு 8 ஹார்ன், மரக்காற்று வாத்தியங்கள் ஒவ்வொரு வகையிலும் ஐந்து. இந்தக் குழுவில் நிரந்தர ஹார்ன் நான்குதான். மற்ற இடங்களையும் கூட்டினால் சுமார் 18 பேரை வெளியிலிருந்து அழைக்க வேண்டும். 18 பேர், 7 சர்வீஸ், சர்வீஸுக்கு 200 டாலர்: 25,200. தனி வாசிப்பாளர் 20,000, விருந்தினர் கண்டக்டர் 18,000, அரங்கமும் மேடைப் பணியாளர்களும் 30,000, விளம்பரம் 25,000, இசைத்தாள் வாடகை 1,500. மொத்தம் 1,19,700 டாலர்.

மூன்று கச்சேரியில் 6,000 இருக்கை; 60% விற்று, சராசரி 38 டாலர் கிடைத்தால் 1,36,800. மிச்சம் 17,100. அதே வாரத்தில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி என்றால் வெளியாட்களும் இசைத்தாள் வாடகையும் இல்லை, செலவு 93,000. விற்பனை 65% ஆனால் வரவு 1,48,200, மிச்சம் 55,200.

வாசிப்பவர்களின் சம்பளம் இரண்டிலும் சேரவில்லை. 72 பேருக்கு வாரம் 1,300 டாலர் என்றால் 93,600. அதையும் சேர்த்தால் இரண்டு வாரமுமே நஷ்டம்தான். ஐம்பது ஆண்டு முன்பும் அந்த சிம்பொனிக்கு இதே எண்ணிக்கை ஆட்கள், இதே நிமிடங்கள். தொழிற்சாலை போல இங்கே ஆட்களைக் குறைத்து அதே பொருளை எடுக்க முடியாது. நன்கொடை வேண்டியிருப்பது நிர்வாகக் கோளாறு அல்ல, தொழிலின் இயல்பு.

இங்கேதான் புதியவர்கள் மோசமாகத் தடுக்கி விழுகிறார்கள். "வாரத்துக்கு 40,000 நஷ்டம், எனவே நான்கு வாரத்தை வெட்டினால் 1,60,000 மிச்சம்" என்கிறார்கள். சம்பளம் ஒப்பந்தப்படி 38 வாரத்துக்கும் போகும்; கச்சேரியை வெட்டினால் போவது டிக்கெட் மிச்சம் மட்டுமே. நஷ்டம் கூடும். ஒரு வாரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று பார்க்கும்போது சம்பளத்தை விட்டுவிட்டுக் கணக்கிடுங்கள். நிறுவனம் எத்தனை வாரச் சம்பளத்தைத் தாங்கும் என்று பார்க்கும்போது சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டு கேள்வியையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள்.

எல்லா வாரங்களையும் கூட்டியபின் மூன்று சூழ்நிலை போடுங்கள்: நினைத்தபடி, டிக்கெட் 10% குறைந்தால், பெரிய நன்கொடையாளர் இருவர் நின்றுபோனால். மூன்றாவதில் எது முதலில் வெட்டப்படும் என்பதை இப்போதே எழுதுங்கள். நெருக்கடியில் எழுதினால் எளிதில் வெட்ட முடிந்ததைத்தான் வெட்டுவார்கள். அது பெரும்பாலும் பள்ளிக் கச்சேரி.

8. பணம் தருபவர்களிடம் வரைவைக் காட்டுங்கள்

போர்டு ஏற்கும் முன், முதல் 20 நன்கொடையாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து வரைவைக் காட்டுங்கள். பணம் கேட்காதீர்கள், எந்த முடிவுக்கு அவர்கள் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்று கேளுங்கள். திட்டத்தில் "நன்கொடை ஆண்டுக்கு 8% உயரும்" என்று எழுதிவிட்டு, யாரிடமிருந்து என்று ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாத நிலை மிகவும் சகஜம்.

கட்டட நன்கொடையை அன்றாட நடப்புச் செலவோடு குழப்பாதீர்கள். புது முகப்புக்குக் காசு கொடுப்பவர் பலர் உண்டு, அதன் மின்கட்டணத்துக்கு யாருமில்லை. எந்தக் கட்டடத் திட்டத்தோடும் அதன் பத்தாண்டுப் பராமரிப்புக்கான நிதியைச் சேர்த்தே கேளுங்கள்.

9. ஏற்பும் வெளியீடும்

இரண்டு ஆவணம் வேண்டும். எண்களோடு 25 பக்கம் உள்ளே. ஆறு பக்கம் வெளியே. உள்ளே இருப்பதற்கு முரணான எதுவும் வெளியே இருக்கக் கூடாது. வாசிப்பவர்கள் 72 பேருக்கும் பத்திரிகைக்கு முன்பே முழு ஆவணத்தைக் கொடுங்கள். செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்ட திட்டத்தை யாரும் ஆதரிப்பதில்லை.

கணக்கு உறுதியாகாத எந்தக் கச்சேரியையும் அறிவிக்காதீர்கள். 2019இல் பால்டிமோர் சிம்பொனி, அறிவித்திருந்த கோடைக் கச்சேரிகளை ரத்து செய்தது. ஆண்டின் 52 வாரங்களை 40 ஆகக் குறைக்கும் பேச்சு அப்போது இழுபறியில் இருந்தது. கதவடைப்பும் அதைத் தொடர்ந்தது. ரத்தான கச்சேரிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு சந்தாப் படிவத்தை அனுப்பும்போது அந்த வீடுகள் எப்படி யோசிக்கும் என்பதுதான் கணக்கு.

10. நடைமுறையும் காலாண்டுப் பார்வையும்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர். "விற்பனைப் பிரிவு" என்பது பெயரல்ல.

காலாண்டுக்கு ஒருமுறை திட்டக் குழு கூடி ஆறு எண்களை மட்டும் பார்க்கட்டும்: காசு கொடுத்து விற்ற இருக்கைச் சதவீதம், முதன்முறை வந்தவர்களில் திரும்பியவர்கள், உயிலும் வாக்குறுதியும் நீங்கலான நன்கொடை, நிலைநிதியிலிருந்து எடுத்த சதவீதம், சந்தாப் பணத்தைத் தொடாத ரொக்க நிலை, காலி நாற்காலிகள். வாசிப்பவர்களின் மூவரும் இந்தக் கூட்டத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும். திட்டம் முடிந்ததும் அவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவது அடுத்த சண்டைக்கு அச்சாரம்.

திட்டத்தைத் திறந்து திருத்த வேண்டிய நிலைகளை முன்பே எழுதிவையுங்கள்: ரொக்க நிலை இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போனால், இசை இயக்குநர் எதிர்பாராமல் விலகினால், அரங்கம் மூடப்பட்டால். மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறை, விருந்தினர் முன்பதிவு தொடங்கும் முன், ஐந்தாவது ஆண்டை ஒன்று தள்ளி நீட்டுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வருபவர்கள் கையில் 4ஆம் படியின் சர்வீஸ் தாள் புதுப்பித்த நிலையில் இருக்கட்டும். தேதி பழையதாக இருந்தால் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.